முதுமையில் ஓர் அறிமுகம்

எளிய கேள்வியாகத் தோன்றி, வயது ஏற ஏறக் கடினமாகிக்கொண்டே போகும் கேள்வி ஒன்று உண்டு. ‘நீங்கள் யார்?’ என்பதுதான் அது. இளமையில் படிப்பையோ வேலையையோ சொன்னால் போதும். வேலை போனபின் என்ன சொல்வது?

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆயிற்று. 2021-இல் 60 ஆயிற்று. ஓய்வை இரண்டு ஆண்டு தள்ளிப்போட முடிந்தது. இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் மாலையும் வாடிக் கிடக்கிறது; பெயரோடு ஒட்டியிருந்த பதவியும் உதிர்ந்துவிடுகிறது.

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் வழியில் தொப்பூர் இருக்கிறது. அங்கே சாலையோரத் தேநீர்க் கடையில், ஒருவரையொருவர் அறியாத பெரியவர்கள் இருவர் அடுத்தடுத்து உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும்?

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“தருமபுரிங்க. தாசில்தாரா இருந்து ரிடையர் ஆனேனுங்க.”

கேட்டவர் சற்றே ஒதுங்கி, பெஞ்சில் கூடுதலாக இடம் விடுவார். மரியாதை கிடைத்துவிட்டது; பேச்சும் அதோடு முடிந்துவிட்டது. ‘இருந்தேன்’ என்று ஒருவர் சொன்னபிறகு, அடுத்து என்னதான் கேட்பது?

அந்தத் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் அவனை நாடி வந்தார். அதியமானோ அவரைக் காணாமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்கவில்லை. என்னைப் பார்க்காமல், என் தகுதியை அறியாமல் தரும் பொருள் எனக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். புறநானூற்றில் இருக்கிறது இந்தச் செய்தி. வறுமையிலும் அந்த மனிதர் விரும்பியது, தம்மை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான். நாமோ பழைய பதவியை முன்னால் நிறுத்தி, நம்மை அறியாமலே மதிக்கும்படி பிறரைக் கேட்கிறோம். மதிப்பு வந்து சேர்கிறது; நாம் அறியப்படாமலே இருந்துவிடுகிறோம்.

‘முப்பது ஆண்டு உழைத்துப் பெற்றதைச் சொல்லிக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உழைப்பைச் சொல்வதில் பொய்யும் இல்லை, பழியும் இல்லை. ஆனால் அறிமுகம் என்பது மற்றவர் நம்மிடம் வந்து நுழைவதற்கு ஒரு கதவு. முடிந்துபோன கணக்கை மட்டும் சொல்லிவிட்டால் கதவு திறப்பதில்லை.

உ. வே. சாமிநாதையர் 1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. மகாமகோபாத்தியாயர், டாக்டர் என்ற பட்டங்களெல்லாம் இருந்தன. ஆயினும், வாழ்க்கையைத் திருப்பிய நாளாக அவர் சொல்வது தாம் தலைகுனிய நேர்ந்த ஒரு நாளை. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டு, தாம் படித்த நூல்களை வரிசையாக அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை, பழைய நூல்கள் ஏதேனும் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1887-இல் சீவகசிந்தாமணிப் பதிப்பு. 1894-இல் புறநானூற்றுப் பதிப்பும் அந்த வழியிலேயே வந்தது. பட்டியல் அவருக்குத் திறக்காத கதவை, தெரியாமை திறந்துவிட்டது. அதை மறைக்காமல் சொன்னதால்தான் அந்த முதியவரிடம் நமக்கு நெருக்கம் உண்டாகிறது.

பதவியே இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேர் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே அறுபது வயதைக் கடந்திருக்கிறார்கள். “உங்களுக்கு என்ன பிடிக்கும், அம்மா?” என்று கேட்டால் மகனின் முகத்தைப் பார்க்கிறார்கள். அதற்குமுன் யாரும் கேட்டதில்லை! இவர்களுக்கு முதுமையில் வரும் அறிமுகமே முதல் அறிமுகம். அதைக் கேட்டு வாங்கும் கடமை மற்றவர்களுக்கு உண்டு.

தொப்பூர்க் கணவாயில் தருமபுரிப் பக்கமிருந்து சேலத்தை நோக்கி நீண்ட இறக்கம். டீசல் மிச்சமாகும் என்று எண்ணி, லாரியை நியூட்ரலில் போட்டு உருளவிடும் ஓட்டுநர்கள் உண்டு. அப்போது வண்டியை இழுத்துச் செல்வது, ஏறிவந்த உயரம்தான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, அது சூடேறித் தாங்காமல் போய், விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. இறக்கத்திலும் கியர் வேண்டும். முதுமையும் அப்படித்தான். ஏறிவந்த பெருமையிலேயே உருண்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் மனம் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு செடியாக இருக்கலாம், ஒரு நூலாக இருக்கலாம், பேத்தியிடம் புதிதாகக் கற்கும் பாட்டாகவும் இருக்கலாம்.

அடுத்தமுறை யாராவது கேட்டால், “இந்த வயசிலேதான் கம்பராமாயணம் படிக்க ஆரம்பிச்சிருக்கேனுங்க, ரெண்டு இடம் விளங்கலை” என்று சொல்லிப் பாருங்கள். பெஞ்சில் அவர் ஒதுங்கமாட்டார், நெருங்கி உட்காருவார்.