பாலனுக்கு இடமுண்டா?



திருவருகைக் காலம் வந்துவிட்டது. நோட்டன் பிரிட்ஜ் தோட்டங்களில் மாலையானால் குளிர் எலும்பைத் தொடுகிறது. பிள்ளைகள் வண்ணக் காகிதம் வெட்டி, பாலன் குடிலுக்கு ஆயத்தம் செய்கிறார்கள்.

குடிலை எங்கே வைப்பது? பழைய லயக் காம்பராவோ 10 அடிக்கு 12 அடி. நல்ல மூலையில் தொலைக்காட்சி வீற்றிருக்கிறது. குடில் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிறது. அன்று பெத்லகேம் சத்திரத்தில் இடமில்லை. இன்று நம் வீட்டில்?

தொலைக்காட்சி பார்ப்பது பாவமன்று. நோட்டன் அணையின் நீர் 1950 முதல் மின்சாரம் தருகிறது. ஆயினும் அதன் பின்பும் நெடுங்காலம் நம் லயங்களில் குப்பி லாம்புதான் எரிந்தது. தாமதமாய் வந்த வெளிச்சத்திற்காக நன்றி சொல்வோம். ஆனால் குப்பி லாம்பின் அடியில் அம்மாயி சொல்லித்தந்த செபமாலை, வெளிச்சம் வந்ததும் அணைந்துபோகலாமா?

1223ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் மின்னும் அலங்காரம் இல்லை. வைக்கோல், மாடு, கழுதை. சுற்றிலும் ஏழை மக்கள். பாலனின் வறுமையைக் கண்ணால் காணவே அதை அமைத்தார்.

ஆகவே, நத்தார் வரை தினமும் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். குடிலின் முன் குடும்பமாய் அமர்ந்து செபியுங்கள். பின்பு, கொழுந்தெடுத்துக் களைத்துவந்த தாயிடம், "இன்றைக்கு எப்படியம்மா இருந்தது?" என்று கேளுங்கள். அந்த அரைமணி நேரமே பாலனுக்கு நாம் விரிக்கும் வைக்கோல்.