கரையணைந்த தோணி

ஞானதேசிகனால் அருள்பெற்றுத் தன்னையும் தலைவனையும் உணர்ந்தார்க்குத் திருக்கோயில் வழிபாடும் அடியார் கூட்டமும் பின்னும் வேண்டுவனவோ? பெறற்குரியது பெற்றார்க்குச் செயற்குரியது யாதுமின்று என்பார் சிலர். அக்கூற்றுப் பொருந்துமோ என்பதனை ஓர் உலகியல் உவமையால் யாம் ஈண்டு ஆராய்வாம்.

சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய், பின்னர் இருபுறமும் நீண்டது. 1877-78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைமக்களுக்கு வேலையளித்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்குமாறு வெட்டப்பட்டு, அக்காலத்து ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் அதன்கண் நெடுங்காலம் இயங்கின. அப்போக்குவரவு ஒழிந்ததாயினும், அத்தொழில் உணர்த்தும் நெறி ஒழிந்திலது.

தோணி நடாத்தப் பயில்வான் முதற்கண் அறியற்பாலன இரண்டு. சுக்கான் தனித்துத் தோணியைத் திருப்பாது. தோணி நீரை ஊடறுத்துச் செல்லுங்காலே, அந்நீர் மோதுதலால் திருப்பும். கழியூன்றியோ கயிறு பூட்டி இழுத்தோ பாய்விரித்தோ செலுத்தாவழிக் காற்றடித்த பக்கமே தோணி ஒதுங்கும். கரையணையுங்கால் விரைவும் ஆகாது. பாரமேற்றிய தோணி, தள்ளுதலை நிறுத்தியபின்னும் ஓடுமாகலின், தொலைவிலேயே வேகத்தைத் தணித்து, நீரோட்டத்தை எதிர்கொண்டு மெல்லச் சேர்த்தல் வேண்டும். முன்னையது, சரியை முதலிய நோன்பின்றி வெற்றறிவு உயிரைத் திருப்பமாட்டாமைக்கும், பின்னையது, பற்றினைப் படிப்படியே தணித்து இருவினையொப்பு எய்துதற்கும் ஒக்கும்.

இனி, முளையிற் கட்டிய தோணியைக் காண்க. கட்டுண்டதாயினும் அது நிற்பது நீரின்மேலேயாம். கடலோதம் புகுமிடங்களில் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி வடியும். ஏறியவழி இறுகக் கட்டிய கயிறு, வடியுங்கால் தோணியை ஒருபுறம் தூக்கிச் சாய்க்கும். மிக நெகிழவிட்ட கயிறோ கரையில் மோதுவிக்கும். ஆதலின் முன்கயிறும் பின்கயிறும் அளவறிந்து நெகிழ்த்து, நீர் மாறுந்தோறும் நோக்கிக் காத்தல் வல்லோர் வழக்கு.

அருளைச் சார்ந்த உயிரும் உடலுள்ளவரை பிராரத்தமாகிய நீர்மேலதே. மலம் வலிகெட்டும் அதன் வாசனை ஓதம்போல் ஏறி வடியும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கியல்பாகலின், சிவச்சார்பு நெகிழ்ந்துழிப் பழைய சார்பு வந்து பற்றும். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அணைந்தோர்க்கும் அடியார் இணக்கமும், திருவேடமும் ஆலயமும் வழிபடுதலும் கூறியது இதுபற்றியே என்க.

அற்றேல், பின்னும் காவல் வேண்டுமெனின், திருவருள் குறைவுடைத்தாமோ எனின், அன்று. முளை அசைந்திலது, அசைவது தோணியே. கயிற்றைக் காத்தல் முளைக்கு வலிதருதலன்று; அதன் வலியைத் தோணி இடையறாது பெறுதற்கு வாயிலாம். ஆகலின் வழிபாட்டை விடுதல் ஞானத்திற்கு அடையாளமன்று என்பதே எமது துணிபு. கரைகண்டோமென்று கயிற்றை மறந்தார் மீட்டும் நடுநீரிற் கிடத்தல் கூடும் என்பதனை அன்பர்கள் சிந்திப்பாராக.