தானியேல் தள்ளிவைத்த தட்டு

இம்மாதத் தியானத்துக்குத் தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அதிகாரத்தைச் சாப்பாட்டு விஷயமாகவே பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறோம். ஆனால் நிதானமாய் வாசித்தால் இது ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிய அதிகாரம். தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா, நாலு வாலிபப் பிள்ளைகள். ஊரும் அந்நியம், பாஷையும் அந்நியம், மூன்று வருஷப் படிப்பு. தானியேல் அந்தப் படிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் நன்றாகவே கற்றான். ராஜாவின் மேஜையிலிருந்து வந்த தட்டைத்தான் தள்ளிவைத்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளை!

இன்று நம் பிள்ளைகள் முன்னாலும் ஒரு தட்டு இருக்கிறது. கையளவுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிக்கூடங்களை மூடினபோது பாடமே செல்போனில்தான் வந்தது. கடன் வாங்கி, சீட்டு எடுத்து, பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது தப்பே அல்ல. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, போன் மட்டும் பையைவிட்டு இறங்கவில்லை. மாணவர்கள் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரமாட்டோம் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி 2022-ல் அறிவித்தார். ஆனால் நடப்பது என்ன? வாத்தியார் போனை வாங்கி வைத்தால் மறுநாள் காலையில் அப்பா போய் நிற்கிறார். "என் காசுல வாங்கினது, புடுங்க நீங்க யாரு சார்?" என்கிறார். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அது படித்த பாடம் அதுதான்.

தறிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாவிலே ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தானே அடுத்த ஊடை? கவனமும் அப்படித்தான். ஒரு தரம் சிதறின பிள்ளையின் மனசு பாடத்துக்குத் திரும்ப 20 நிமிஷம் வரைக்கும் ஆகலாம் என்று 2023-ல் யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. ஒரு பீரியடில் ஏறக்குறைய பாதி போயிற்று!

காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளைக் கோர்வை போட உட்காரவைத்தோம். பெரியவர் ஒரு பக்கம், கரைக்கு நாடா தள்ளப் பிள்ளை மறுபக்கம். அந்தத் தறியடியிலிருந்து பிள்ளைகளை எழுப்பி வகுப்பில் உட்காரவைக்க எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். இப்போது சரீரம் பெஞ்சில் இருக்கிறது, மனசு இல்லை. இதற்கா அத்தனை பாடு?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வகுப்பிலே ஒரு பெண்பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டால், மறுநாள் அவள் எந்த முகத்தோடு வருவாள்? விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வாலிபத் தம்பிகளே.

சகோதரிமார் கேட்பது எனக்குத் தெரியும். "பாஸ்டர், பொண்ணு பஸ்ஸுல காஞ்சிபுரம் போய் வருது. போன் இல்லாம எப்படி அனுப்புறது?" நியாயமான கேள்விதான். டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில் இதை யோசித்து, அடியோடு தடை செய்வது சரியல்ல, பாதுகாப்புக்கு அது உதவுகிறது என்றது. ஆனால் வகுப்பறையில் கூடாது, முடிகிற இடங்களில் உள்ளே வரும்போதே ஒப்படைத்துவிட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொன்னது. நல்ல வழி. பஸ் பிரயாணத்துக்கு பட்டன் போனே போதும் என்பது என் அபிப்பிராயம்.

தானியேல் கேட்ட விதத்தையும் பாருங்கள். பிரதானிகளின் தலைவனுக்குத் தன் தலை போய்விடுமோ என்று பயம். தானியேல் சண்டை போடவில்லை. விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாரும் என்று தாழ்மையாய்க் கேட்டான். பத்தாம் நாளில் முகமே சாட்சி சொல்லிற்று. நாமும் பத்து நாள் பார்ப்போமே? தகப்பன்மார் தலைமையாசிரியரிடம் போய், "பிள்ளையின் போனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, நாங்கள் துணையாய் நிற்கிறோம்" என்று சொல்லுங்கள். சாயங்காலம் வீட்டில் நம்முடைய போனும் மௌனமாய் இருக்கட்டும். மகாராஷ்டிராவில் சாங்கிலி மாவட்டத்தில் ஒரு கிராமத்தார் 2022-ல் இதை ஆரம்பித்தார்கள். இரவு 7 மணிக்குச் சங்கு ஊதும். ஒன்றரை மணி நேரம் டிவியும் கிடையாது, போனும் கிடையாது. பிள்ளைகள் படிக்கும். அவர்கள் செய்ததை முசரவாக்கத்தில் நாம் செய்யமாட்டோமா?

வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வாசலில் ஒரு கூடை இருக்கும். பேர் எழுதின சீட்டை ஒட்டி உங்கள் போனை அதில் வையுங்கள். முதலில் என்னுடையது இருக்கும். பிள்ளைகள் பார்க்கட்டும். அன்று தொடங்கிப் பத்து நாள். முடிந்த பிறகு வரும் உபவாச ஜெபத்தில் என்ன நடந்தது என்று பிள்ளைகளே எழுந்து நின்று சாட்சி சொல்லட்டும். அதுவரைக்கும் நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களைப் பேர்பேராய்ச் சொல்லி ஜெபியுங்கள்.