சோம்பல் என்று சொல்லுமுன்

காய்ச்சல் கண்டவனை எவரும் சோம்பேறி என்பதில்லை. போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், "பாவம், படுக்கட்டும்" என்கிறோம். காய்ச்சல் இல்லாமலே ஒருவன் அப்படிப் படுத்துக் கிடந்தால் அவனது மனவுறுதியை, சிலவேளை ஈமானையே சந்தேகிக்கிறோம். இந்த இரண்டு தீர்ப்புகளும் நியாயந்தானா?

கிருமி புகுந்ததும் நோயெதிர்ப்புக் கலங்கள் சைட்டோகைன் எனும் புரதங்களைச் சுரக்கின்றன. காயம் சிவந்து வீங்குகின்ற அழற்சியில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இச்செய்தி இரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளையை எட்டுகிறது. பசி அடங்குகிறது, மனிதர் முகம் பார்க்கப் பிடிப்பதில்லை. நோயுற்ற விலங்கு ஒதுங்கிக் கிடப்பது பலவீனமல்ல, சக்தியைச் சேமித்துப் போராடும் ஏற்பாடே என்று மிருக வைத்திய அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988இல் எடுத்துரைத்தார்.

கிருமியின்றியும் இச்செய்தி மூளைக்குப் போகலாம். ஹெபடைட்டிஸ் சி நோயாளருக்கு முன்னர் ஏற்றப்பட்ட இன்டர்பெரோன் ஊசியும் ஒரு சைட்டோகைனே. அதனால் பலர் மனச்சோர்வில் வீழ்ந்தனர். அதற்கு முன் மனநோயை அறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர். 1991, 1992ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று உண்டு. அதைக்கொண்டு கோலம் கந்தகர் குழுவினர் 2014இல் ஒன்றைக் காட்டினர்: 9 வயதில் இரத்தத்தில் இன்டர்லியூக்கின் 6 கூடுதலாக இருந்த பிள்ளைகள் 18 வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு, குறைவாக இருந்தோரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இதைக்கொண்டு எல்லாத் துயரமும் அழற்சியே என்று முடிவு கட்டலாகாது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வுற்ற 60 பேரில் அழற்சி தணிக்கும் மருந்து பரிசோதிக்கப்பட்டது. மொத்தத்தில் அது வெறும் மருந்தை விஞ்சவில்லை. ஆரம்பத்திலேயே அழற்சி மிகுந்திருந்தோரிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தென்பட்டது.

அப்படியானால் பொறுப்பு என்பது என்னவாகிறது? எல்லாம் இரசாயனம் என்றால் நன்மைக்குப் புகழ் ஏது, தவறுக்குப் பழி ஏது?

என் வகுப்பில் ஒரு மாணவன் எந்நேரமும் மேசையில் தலை சாய்த்துக் கிடப்பான். பலமுறை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். மறுபேச்சின்றி நிற்பான். சில மாதங்களின் பின் முழங்கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூட்டழற்சி என்றார்கள். அவனது சோர்வுக்கு அதுவே காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் "உனக்கு என்ன செய்கிறது மகன்?" என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. அதை என்னால் மறுக்க முடியாது.

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. குணமானதும் அவர் அதைக் கழாச் செய்கிறார். கடமை அழியவில்லை; உடல் தாங்கும் நாளுக்குத் தள்ளிப்போகிறது. பொறுப்பும் இரக்கமும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய பாடம் எனக்குத் தெரியவில்லை. வெப்பமானி காட்டும் காய்ச்சலுக்கு நாம் தரும் அவகாசத்தை, அது காட்டாத நோவுக்கும் தரலாமல்லவா?

அந்த மாணவன் இப்போதும் என்னைக் கண்டால் ஸலாம் சொல்கிறான். பதில் சொல்லும்போது என் தலைதான் சற்றுத் தாழ்கிறது.