நாதமும் உருவும்

அனிமேஷன் படத்தில் பாட்டு பெரும்பாலும் காட்சிக்கு முன்பே பிறந்துவிடுகிறது. நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்குப் பின்னணி இசை கடைசியில் சேரும். வரைந்த உருவம் ஆடவேண்டிய பாட்டோ முதலிலேயே பதிவாகியிருக்க வேண்டும். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டானால் ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம். கால் எந்த ஃப்ரேமில் தரையைத் தொடும் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. 1928இல் வந்த டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' இத்தகைய கணக்கால்தான் அசைவைத் தாளத்தில் பூட்டியது. அப்படியானால் உயிரில்லாத கோட்டுருவுக்கு உயிர் கொடுப்பது இசைதானா?

சைவ சித்தாந்தத்தில் இதற்கு நெருங்கிய ஒரு வரிசை உண்டு. சுத்த மாயையிலிருந்து முதலில் தோன்றுவது நாதம், அடுத்தது விந்து. 'உண்மை விளக்க'த்தில் மனவாசகங்கடந்தார் படைப்புத் தொழிலைக் கூத்தனின் கைத் துடியில் வைக்கிறார். ஒலி முந்தி, உரு பிந்தி. ஆனால் அந்த நாதத்தைச் சித்தாந்தம் உயிர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. மாயையிலிருந்து வந்ததால் நாதமும் சடமே. உயிர் வேறு பொருள். இசையே படத்தின் உயிர் என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

வடசென்னையின் திருவொற்றியூரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்குள்ள தியாகராஜர் சோமாஸ்கந்த வடிவம். உமையோடும் கந்தனோடும் அமர்ந்த கோலம். மாசிப் பெருவிழாவில் அந்த அமர்ந்த திருமேனிதான் திருநடனம் புரிகிறது. அசைவைத் தருவது சுமப்பவர்களின் தோள். எப்போது ஏறுவது, எப்போது சாய்வது, எப்போது நிற்பது என்பதைச் சொல்வது வாத்தியத்தின் நடை. பார்க்கும் அடியார் தோளையும் நினைப்பதில்லை, வாத்தியத்தையும் நினைப்பதில்லை. ஈசன் ஆடுவதையே காண்கிறார். இசை இங்கே தனித்தனி அசைவுகளை ஒரே ஆட்டமாகக் கோத்துவிடுகிறது. ஆடுபவர் இன்னார் என்பது அடியாரின் நம்பிக்கையில் இருக்கிறது. கோயிலில் அந்த நம்பிக்கை வாசலிலேயே உடன் வந்துவிடும். அனிமேஷன்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

1919இல் அறிமுகமான ஃபெலிக்ஸ் பூனைக்கு மௌனப் படக் காலத்தில் சொந்த ஒலித்தடம் கிடையாது. அரங்கத்துப் பியானோக்காரர் வாசித்ததே அதற்கு இசை. ஊருக்கு ஊர் அது மாறும். ஆயினும் பூனையின் யோசனையும் குறும்பும் எங்கும் புரிந்தன. 2014இல் வந்த 'கோச்சடையா'னில் நிலைமை தலைகீழ். ஏ.ஆர். ரஹ்மானின் இசை, நிஜ மனிதர்களின் உடலசைவைப் பதிவு செய்து ஏற்றிய உருவங்கள் என எல்லாம் இருந்தும் முகங்கள் பொம்மை போல இருப்பதாகப் பலர் குறைப்பட்டார்கள். பாடல்களில் உடல்கள் தாளம் தப்பவில்லை. கண்கள்தான் எதையும் பார்க்கவில்லை. அந்தக் குறை ரஹ்மானால் தீர்த்திருக்கக் கூடியதல்ல.