சரி பண்ணிட்டோமே, இன்னும் என்ன?

ஒருவர் உங்களுக்கு ஒரு நஷ்டம் செய்துவிட்டார். பிறகு பைசா பாக்கியில்லாமல் ஈடு கட்டியும்விட்டார். ஆனாலும் உங்கள் முகம் தெளியவில்லை. ‘அதான் சரி பண்ணிட்டோமே, இன்னும் என்ன?’ என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? தர்ம சாஸ்திரங்கள் பக்கம் போகாமல், ஒரு மோட்டார் சைக்கிள் கதையைப் பார்க்கலாம். பைக்கில் ஆர்வம் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

1980களின் தொடக்கத்தில் ஹோண்டா கம்பெனி, நாலு சிலிண்டர்களை ‘வி’ எழுத்துபோல் 90 டிகிரி விரித்து வைத்த எஞ்சினைப் பெரிய அளவில் இறக்கியது. 1983ல் வந்த வி.எஃப்.750எஃப் அதில் முக்கியமான வண்டி. பிரமாதமாக ஓடியது. ஆனால் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் என்ற பாகம் பல வண்டிகளில் சீக்கிரமே குழி விழுந்து தேய்ந்தது. எண்ணெய் சரியாகப் போகவில்லை என்றார்கள். கேம் உட்காரும் இடமே சரியில்லை என்றார்கள். கம்பெனியும் பாகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தது. அதற்குள் ‘சாக்லேட் கேம்’ என்று கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். ‘ஹோண்டான்னா ரிப்பேரே வராது’ என்று பேர் வாங்கியிருந்த கம்பெனிக்கு இது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1986ல் வி.எஃப்.ஆர்.750எஃப் வந்தது. கேமைச் சுழற்ற வழக்கமாக ஒரு செயின் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு வரிசையாகப் பல்சக்கரங்களை வைத்தார்கள். கனம் அதிகம், செலவும் அதிகம். இத்தனைக்கும் பெரிய புகார் கேமின் மேல்தான். நல்ல கேமும் ஒழுங்கான எண்ணெய் வழியும் இருந்தால் செயினே போதும். உலகத்தில் பெரும்பாலான பைக்குகள் அப்படித்தான் ஓடின. அப்புறம் எதற்கு இந்த ஆடம்பரம்?

என் ஊகம் இது. கெட்டது இரண்டு: ஒன்று கேம், இன்னொன்று நம்பிக்கை. கேமுக்கு அளவு உண்டு, விலை உண்டு, மாற்றினால் தீர்ந்தது. நம்பிக்கைக்கு ரேட் கார்டு கிடையாது. எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை ஏமாந்தவர்தான் முடிவு செய்வார். அதனால் கொடுப்பவர் தேவைக்கு மேலேயே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் இது ‘ஸ்போர்ட் டூரிங்’ ரகம். மலைப்பாதையில் சாய்த்து ஓட்டவும் வேண்டும், பின்னால் மனைவியையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு 500 கிலோமீட்டர் போகவும் வேண்டும். நடுவழியில் நின்றால் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெறும் விளம்பரம்தானே என்பீர்கள். இருக்கலாம். வியாபாரிக்குப் புண்ணியத்தில் அக்கறை இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் விளம்பரப் பக்கத்தில் வார்த்தையை அச்சடிப்பது சுலபம். எஞ்சினுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பல்சக்கரத்துக்குச் செலவழிப்பது வேறு.

கண்ணுக்குத்தான் தெரியாது. காதுக்குத் தெரியும். அந்தப் பல்சக்கரங்கள் மெலிதாக ஊளையிடும். 1990ல் பின்சக்கரத்தை ஒரே பக்கக் கையில் மாட்டினார்கள், 1998ல் எஞ்சினை 800 சி.சி.க்குப் பக்கமாக வளர்த்து ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கொடுத்தார்கள். சத்தம் மட்டும் மாறவில்லை. ஓட்டினவர்களுக்கு அது சங்கீதமாகிவிட்டது.

2002ல் வி-டெக் வந்தபோது பல்சக்கரம் போய், செயின் திரும்பி வந்தது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பழைய வி.எஃப்.பைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும்தான்! 16 வருஷம் போதாதா என்று கம்பெனி கேட்டிருந்தால், அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பிராயச்சித்தத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா? ஆனால் வாங்கிப் பழகினவருக்கு அது பிராயச்சித்தம் இல்லை, உரிமை. 2014ல் மறுபடி மெருகேற்றி விட்ட வி.எஃப்.ஆர்.800எஃப்-பிலும் செயின்தான். பழைய வண்டி தேடுகிற சிலர் இன்னமும் 1998லிருந்து 2001க்குள் வந்த மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள்.