பேச்சும் வாக்கும்

கலியாணம் பேசுவோர் நாள் குறிக்குமுன் கொடுக்கல் வாங்கலைப் பேசி முடிப்பர். எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, அரசமைக்க விழையும் கட்சிகளும் அவ்வாறே பூர்வாங்கப் பேச்சில் இறங்குகின்றன. அங்கே கொடுக்கப்படும் வாக்கு யாரைக் கட்டும்? இது வெறும் அரசியற் கேள்வியன்று, மனச்சாட்சியின் கேள்வி.

1965 மார்ச் 22இல் நடந்த பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களையே பெற்றது. தமிழரசுக் கட்சிக்கு 14 ஆசனங்கள் கிடைத்தன. மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். வடக்குக் கிழக்கில் தமிழில் நிர்வாகம், மாவட்ட சபைகள், குடியேற்றத் திட்டங்களில் அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோர்க்கு முதலிடம் என்பன அதன் சாரம். ஆனால் அதன் வாசகம் அன்று பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. 1966இல் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் நிறைவேறின. மாவட்ட சபைத் திட்டமோ எதிர்ப்பின் காரணமாக 1968இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டே தமிழரசுக் கட்சி அரசிலிருந்து விலகியது.

வெளியிட்டிருந்தால் உடன்படிக்கை அன்றே செத்திருக்கும் எனச் சிலர் நியாயம் கூறுவர். 1957ஆம் ஆண்டின் பண்டா-செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டதை நினைப்போர்க்கு இவ்வச்சம் பொய்யன்று. கதவை மூடிப் பேசுவதிலும் தவறில்லை. பேசி முடித்ததை மூடி வைப்பது வேறு. மாவட்ட சபையைத் தலைவர் ஒருவர் தனித்துத் தந்துவிட முடியாது. அவரது கட்சியும் பாராளுமன்றமும் இசைய வேண்டும். அந்த இசைவைத் தேடாமற் கொடுக்கும் வாக்கு, பிறர் காணிக்கு உறுதி எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஜேர்மனியில் 2017 செப்டெம்பர்த் தேர்தலின் பின் நடந்த முதற் பேச்சு நவம்பரில் முறிந்தது. 2018 ஜனவரியில் அங்கெலா மேர்க்கலின் அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் பேசி, இணங்கியவற்றை அச்சிட்டு வெளியிட்டன. இறுதி ஒப்பந்தத்தைச் சமூக ஜனநாயகக் கட்சி தன் அங்கத்தவர்களின் வாக்குக்கு விட்டது. 66 வீதமானோர் இசைந்தனர். அரசமைய ஏறக்குறைய ஆறு மாதம் சென்றது. அது வீண் தாமதமன்று. இணங்கியது இன்னதென்று அனைவரும் அறிந்திருந்தனர். பின்னர் எவரும் அதை மறுக்க இயலாது.

டட்லியின் நல்லெண்ணத்தை இங்கு எவரும் ஐயுற வேண்டியதில்லை. நல்லெண்ணம் மட்டும் வாக்கைக் காப்பாற்றாது என்பதே பாடம். தன்னவர்களிடம் சொல்லத் துணியாத ஒன்றை மற்றவருக்கு வாக்களிப்பவர், அதனை நிறைவேற்றும் நாளிலும் துணியமாட்டார். எனவே எம் பிரதிநிதிகள் பேச்சிலிருந்து திரும்பும்போது, "என்ன தருவதாகச் சொன்னார்கள்?" என்பதோடு நில்லாது, "அதைத் தம் மக்களிடம் சொன்னார்களா?" என்றும் நாம் கேட்போமாக.